மத்தியானம் மட்டும் காற்றிழுத்த கொப்பரை

மிலுங்கா ஸ்தோய்கோவுக்கு ஒரு கெட்ட பழக்கம் உண்டு. எதைப் பார்த்தாலும் ஏன் என்று கேட்பாள். கேட்டதோடு விட்டாலாவது பரவாயில்லை, பதில் வரும்வரை இடத்தை விட்டு நகர மாட்டாள். பல் பிடுங்கிக்கொள்ளப் போனவள், பிடுங்கிய பல்லைக் கையில் வாங்கி, வேர் ஏன் இந்தப் பக்கமாக வளைந்திருக்கிறது என்று டாக்டரை வாயில் பஞ்சோடு கேட்டுக்கொண்டு நின்றாள். பின்னால் வரிசையில் இருந்தவர்கள் திட்டித் தீர்த்துவிட்டார்கள். எங்கள் ஊரான பேலி ரித்தில் யாரைக் கேட்டாலும் அவளைப் பற்றி இப்படி நாலைந்து கதை சொல்வார்கள். அதில் பாதிதான் பொய்.

அந்தப் பழக்கத்துக்குத் தோதாக அவளுக்கு ஒரு வேலையும் வாய்த்தது. ஊர்க் கோடியில், பெகெய் ஆற்றங்கரையில் உள்ள சர்க்கரை ஆலையில் கொப்பரைக் கூடத்து டெக்னீஷியன். சர்க்கரைக்காகவே பயிரிடும் வெள்ளை பீட் கிழங்கிலிருந்து எடுத்த பாகைச் சும்மா அடுப்பில் ஏற்றிக் காய்ச்சினால் கருகிப் பழுப்பாகிவிடும். அதனால் இரண்டு ஆள் உயரக் கொப்பரையை இறுக்கி மூடி, உள்ளே இருக்கும் காற்றைப் பம்பு வைத்து உறிஞ்சி எடுத்துவிடுவார்கள். காற்று இல்லாத இடத்தில் பாகு குறைந்த சூட்டிலேயே கொதிக்கும், சர்க்கரையும் வெள்ளையாக விளையும். எங்காவது ஒரு மூட்டு வழியாக வெளிக்காற்று உள்ளே புகுந்தால் போச்சு, சூடு ஏறும், சர்க்கரை தேநீர் நிறத்துக்கு வந்துவிடும்.

ஆகவே அரவை தொடங்கும் முன், கோடையின் கடைசியில், ஒவ்வொரு கொப்பரையையும் சோதித்துப் பார்ப்பார்கள். காற்றை உறிஞ்சி, எல்லா வால்வையும் மூடி, பம்பை நிறுத்திவிட்டு, உள்ளே எவ்வளவு அழுத்தம் என்று காட்டும் பாதரசக் குழாய் முன்னால் நாற்காலி போட்டு மிலுங்கா உட்கார்ந்துகொள்வாள். பாதரசம் அசையாமல் நின்றால் கொப்பரை இறுக்கம். ஏறினால் எங்கோ காற்று இழுக்கிறது. மணிக்கு எத்தனை மில்லிமீட்டர் ஏறியது என்று பார்த்து, கொப்பரையின் வயிற்றுக் கொள்ளளவால் பெருக்கி, அன்றைய சூட்டையும் கணக்கில் சேர்த்தால், உள்ளே எத்தனை கிராம் காற்று புகுந்தது என்று சொல்லிவிடலாம். கண்ணுக்குத் தெரியாத ஓட்டை வழியாகக் கண்ணுக்குத் தெரியாத காற்று இத்தனை கிராம் வந்தது என்று நிறுத்துச் சொல்ல முடிகிறதே, அதில் மிலுங்காவுக்கு இத்தனை வருஷம் கழித்தும் சந்தோஷம் தீரவில்லை. கல்யாண வீட்டில் பக்கத்தில் உட்கார்ந்தவர்களிடமும் இதைச் சொல்வாள். அவர்கள் எழுந்து நடனமாடப் போய்விடுவார்கள்.

அவளுடைய கல்யாணத்தைப் பற்றியும் சொல்லிவிட வேண்டும். கணவன் ஒப்ராத். அதே ஆலையில் கேஸ்கெட் போடுகிறவன். கொப்பரையின் மூடி, குழாய் மூட்டு, பார்வைக் கண்ணாடி எல்லாவற்றுக்கும் நடுவில் வைக்கும் வளையங்களை வெட்டி, வைத்து, முடுக்குவது அவன். அவன் மூடுவான், அவள் சோதிப்பாள். பன்னிரண்டு வருஷம் குடும்பம் நடத்திவிட்டுப் பிரிந்துவிட்டார்கள். மகள் நோவி சாத் நகரத்தில் ஒரு மருந்துக்கடையில் இருக்கிறாள். கோர்ட்டில் என்ன காரணம் எழுதினார்களோ தெரியாது, ஊருக்குத் தெரிந்த காரணம் சன்னல்தான்.

எதிரெதிரே இரண்டு சன்னல் திறந்திருந்தால் நடுவில் உட்கார்ந்தவன் உருப்பட மாட்டான் என்பது எங்கள் பக்கத்தில் சின்னக் குழந்தைக்கும் தெரியும். ப்ரோமாயா என்போம், குறுக்குக் காற்று. கழுத்துப் பிடிப்பு, காதுவலி, வாய் கோணிப்போவது, பிள்ளை இல்லாமல் போவது வரை எல்லாம் அதனால் வருவதுதான். பஸ்ஸில் வெந்து செத்தாலும் ஒருவரும் இரண்டாவது சன்னலைத் திறக்க மாட்டார்கள். இதில் ஒப்ராத்தை மிஞ்ச ஆள் கிடையாது. மிலுங்கா மட்டும்தான் ஊரில், குறுக்குக் காற்று ஏன் நேர்க் காற்றைவிடக் கெட்டது என்று கேட்டவள். அவள் திறப்பாள், அவன் மூடுவான். அவன் தூங்கியதும் அவள் திறப்பாள். இப்படியே பன்னிரண்டு வருஷம்.

பிரிந்தாலும் ஒரே பஸ், ஒரே கூடம், ஒரே கொப்பரை. பேசிக்கொள்வார்கள், வேலை அளவுக்கு.

போன அரவையில் மூன்றாம் கொப்பரை காலை வாரிவிட்டது. நடு அரவையில் காற்று இழுக்கத் தொடங்கி, ஒரு வாரச் சர்க்கரை பழுப்பாகிப் போயிற்று. ஆலையைப் புதிதாக வாங்கியிருந்தவர்கள் தலைநகர் பெல்கிராதிலிருந்து வந்து நின்று பார்த்தார்கள். இந்தக் கோடையில் தலைமை இன்ஜினியர் ஆக்னெஷ் தெரெக் எல்லோரையும் கூப்பிட்டு, சுற்றி வளைக்காமல் சொன்னாள்.

"மூணாம் கொப்பரை இந்தத் தடவை சோதனையில தோத்துச்சுன்னா, அடுத்த வருஷத்துலேர்ந்து கேஸ்கெட் வேலை முழுக்க வெளிக் கம்பெனிக்குப் போயிடும். மேலேர்ந்து வந்த முடிவு. எனக்கும் இஷ்டமில்ல, ஆனா எங்கிட்ட வேற வழி இல்ல."

அதன் அர்த்தம் எல்லோருக்கும் புரிந்தது. ஒப்ராத்துக்கு வயது ஐம்பத்தெட்டு. இடது முழங்கால் சொன்ன பேச்சு கேட்பதில்லை. வேறு எந்த ஆலையும் அவனை எடுக்காது. இந்த வேலை போனால் போனதுதான்.

தோற்றதா இல்லையா என்று சொல்ல வேண்டியவள் மிலுங்கா. கூடத்துக்கு இதைவிட நல்ல வேடிக்கை வேறு கிடைக்குமா? வால்வு ஆள் கவ்ரா, சும்மா இருந்தால் நாக்கில் புண் வந்துவிடும் என்று பயப்படுகிறவன், காலைச் சாப்பாட்டுக்கு வாங்கிய புரேக் என்ற இறைச்சி அடையைப் பிட்டு வாயில் போட்டுக்கொண்டே ஆரம்பித்தான்.

"அண்ணே, ஜீவனாம்சம் ஒழுங்காக் குடுத்தியா? பாக்கி வச்சிருந்தா இப்பவே பைசல் பண்ணிடு."

"பொத்திக்கிட்டுத் தின்னு," என்றான் ஒப்ராத்.

"இல்லண்ணே, அக்கா கையில இருக்கு உன் குடுமி. ஒரு கிலோ செர்ரி வாங்கிக் குடுத்தாக்கூட..."

"கவ்ரா," என்றாள் மிலுங்கா, "பாதரசத்துக்கு எவன் புருஷன் எவன் பொண்டாட்டின்னு தெரியாது. நீ போய் மூணாவது பம்புக்குத் தண்ணி விடு."

அவள் அப்படிச் சொன்னாளே தவிர ஊர் வாயை அறிவாள். கொப்பரை தோற்றது என்றால் பழிவாங்கிவிட்டாள் என்பார்கள். தேறியது என்றால் பழைய பாசம் என்பார்கள். இரண்டுக்கும் தயாராக வந்து உட்கார்ந்தாள்.

சோதனை நேரம் மத்தியானம்தான். காலை முழுக்கப் பம்புகள் மற்ற வேலைக்குப் போய்விடும். பதினோரு மணிக்கு, பக்கத்தில் உள்ள ஆவியாக்கும் கலங்களை நீராவி விட்டுக் கொதிக்க வைத்துப் பார்ப்பார்கள். அதன் பிறகுதான் மூன்றாம் கொப்பரைக்குப் பம்பு கிடைக்கும். ஆலையில் ஒரு பழைய வழக்கம் உண்டு. சோதனை முடியும்வரை மூடினவன் தான் மூடினதன் பக்கத்திலேயே உட்கார்ந்திருக்க வேண்டும். அதனால் குழாய் முன்னால் மிலுங்கா, கொப்பரையின் மறுபக்கம் பெட்டி மேல் ஒப்ராத், வேடிக்கை பார்க்க மற்றவர்கள் என்று கூடம் நிறைந்தது.

மணிக்குப் பத்து மில்லிமீட்டர் வரை ஏறலாம் என்பது ஆக்னெஷ் போட்ட எல்லை. அரவை நேரத்தில் இதே பம்புகள்தான் நாலு கொப்பரைக்கும் உறிஞ்ச வேண்டும், அதனால் ஒவ்வொன்றுக்கும் கொஞ்சம்தான் பங்கு. அன்றைக்குப் பாதரசம் பதினாறு ஏறியது.

கவ்ரா ஓடிப்போய் ஆக்னெஷைக் கூப்பிட்டான்.

ஆக்னெஷ் வந்து பார்த்தாள். நியாயமான பெண், அவசரப்பட்டுத் தீர்ப்புச் சொல்கிறவள் இல்லை. "கழுவின தண்ணி உள்ள மிச்சம் நிக்குதோ என்னவோ. காத்து இல்லாத இடத்துல தண்ணி தானா ஆவியாகும், ஆவியும் பாதரசத்தைத் தள்ளும். வடிச்சிட்டு நாளைக்கு மறுபடி பாக்கலாம்."

வடித்தார்கள். சூடான காற்றை ஊதிக் காய வைத்தார்கள். மறுநாள் மறுபடி பதினைந்து.

இந்த முறை ஆக்னெஷின் முகம் சுருங்கியது. மிலுங்கா ஐந்து நிமிஷத்துக்கு ஒரு தடவை குறித்து வைத்த எண்களைத் தாளில் புள்ளி வைத்து, ஆக்னெஷே கோடு இழுத்துப் பார்த்தாள். "தண்ணியா இருந்தா முதல்ல வேகமா ஏறி, அப்புறம் வளைஞ்சு நின்னுடணும். ஆவிக்கு ஒரு உச்சம் இருக்கு, அதுக்கு மேல போகாது. இது நிக்கவே இல்ல. கோடு போட்ட மாதிரி நேரா ஏறுது. காத்து வந்தாத்தான் இப்படி ஏறும்."

அவள் சொன்னதில் தப்பே இல்லை. மிலுங்காவுக்கும் அது தெரியும்.

ஒப்ராத் பெட்டியிலிருந்து எழுந்தான். "நான் போட்டது இழுக்காது."

"அப்ப காத்து எங்கேர்ந்து வருது ஒப்ராத்?" என்றாள் ஆக்னெஷ், கோபமில்லாமல்.

"அது எனக்குத் தெரியாது. நான் போட்டது இழுக்காது."

மறுநாள் பம்பு கிடைத்ததும் சாயந்தரம்வரை நுரை வேலை. ஓட்டை தேட எங்கள் ஆலையில் ஷேவிங் நுரையைத்தான் பயன்படுத்துவார்கள். உறிஞ்சும் கொப்பரையின் மூட்டுகளில் நுரையை அப்பினால், ஓட்டை இருக்கும் இடத்தில் நுரை உள்ளே இழுக்கப்பட்டுக் குழி விழும். ஒவ்வொரு கோடையிலும் கொப்பரைக் கூடம் முடிதிருத்தும் கடை மாதிரி மணக்கும். கொப்பரை முழுக்க வெள்ளைத் தாடி வைத்தார்கள். ஒரு குழிகூட விழவில்லை.

இப்போதுதான் மிலுங்காவுக்கு உண்மையிலேயே சுவாரஸ்யம் பிடித்தது. ஒப்ராத்தின் வேலை, ஊர்ப் பேச்சு எல்லாம் ஒரு பக்கம் ஒதுங்கிக்கொண்டன. பாதரசம் பதினைந்து ஏறுகிறது. பதினைந்து மில்லிமீட்டர் என்றால் ஒரு கிலோவுக்கு மேல் காற்று. ஒரு மணி நேரத்தில் ஒரு கிலோ காற்று உள்ளே போகும் ஓட்டை, நுரைக்குத் தெரியாமல் எங்கே ஒளிந்திருக்க முடியும்? ஆலைக் கான்டீனில் தட்டில் இருந்த பீன்ஸ் சூப்பு ஆறிப் போனது. பக்கத்து மேஜைக்காரன் அவளுடைய ரொட்டியை எடுத்துத் தின்றதைக்கூட அவள் கவனிக்கவில்லை.

அடுத்த நாள் முதல் பஸ்ஸைப் பிடித்து வந்து, பம்பு ஆளைக் கெஞ்சி, மற்றவர்கள் வருவதற்குள் தானே ஒரு சோதனை வைத்தாள். பாதரசம் ஏறியும் ஏறாமலும் நின்றது. ஒரு மணி நேரத்தில் இரண்டு மில்லிமீட்டர். அவளால் நம்ப முடியவில்லை. வால்வுகளை ஒவ்வொன்றாகத் தொட்டுப் பார்த்தாள். எல்லாம் சரி. அன்றைக்கே மத்தியானம் எல்லோர் முன்னிலும் வழக்கமான சோதனை. பதினாறு.

காலையில் இறுக்கமாக இருந்த கொப்பரை மத்தியானம் மட்டும் காற்று இழுக்கிறது என்று அவள் சொன்னபோது, கவ்ராதான் முதலில் வாயைத் திறந்தான்.

"காலையில யாரும் இல்ல, மத்தியானம் எல்லாரும் இருக்கோம். எல்லாரும் இருக்கிறப்ப யாரோ ஒருத்தர் கை வால்வு மேல லேசாப் படுதோ என்னவோ. நான் யாரையும் சொல்லல."

சொல்லவில்லை என்றானே தவிர அவன் பார்வை போன இடத்தை எல்லோரும் பார்த்தார்கள். குழாய்க்குப் பக்கத்தில், வால்வுக்குக் கை எட்டும் தூரத்தில் இருந்தவள் மிலுங்கா ஒருத்திதான்.

அதையாவது கவ்ராவின் வாய் என்று விட்டுவிடலாம். மற்றவர்கள் கலைந்தபின் ஒப்ராத் நொண்டிக்கொண்டு வந்து, அவள் முகத்தைப் பார்க்காமல், கைத்துணியைப் பார்த்துக்கொண்டே கேட்டான்.

"மிலுங்கா, நீதானா?"

அவளுக்கு ஆத்திரத்தில் கண் கலங்கிவிட்டது. "பன்னிரண்டு வருஷம் ஒரே வீட்ல இருந்தோம். என்னிக்காவது நான் ஒரு அளவைப் பொய்யாச் சொல்லிக் கேட்டிருக்கியா? உங்க அம்மா கேட்டப்பக்கூட அவங்க எடையை உள்ளது உள்ளபடி சொன்னவ நான்."

"அது சரிதான்," என்றான் ஒப்ராத். கைத்துணியைத் தோளில் போட்டுக்கொண்டு போனான்.

அன்று இரவு தூக்கம் வந்தது, ஆனால் கோபத்தோடு வந்தது. மறுநாள் சோதனை நேரத்துக்கு வெகு முன்பே வந்து, நாற்காலியைப் போட்டுக் கொப்பரைக்கு முன்னால் உட்கார்ந்தாள். காலையில் இல்லாதது மத்தியானம் என்ன வருகிறது? அதை மட்டும் பார்ப்பது என்று முடிவு. கொப்பரையின் உடம்பில் கை வைத்தாள். காலையில் குளிர்ந்து கிடந்த இரும்பு. வெல்டிங் பார்ப்பதற்காக சூடு போகாமலிருக்க மேலே சுற்றியிருந்த பஞ்சுப் போர்வையை உரித்து எடுத்திருந்தார்கள், வெற்றுடம்பு. பதினோரு மணிக்கு, பக்கத்துக் கலங்களில் நீராவி விட்டார்கள். கூடத்தில் ஆட்கள் சேரத் தொடங்கினார்கள். ஒப்ராத் தன் பெட்டியில் உட்காரும் முன், வழக்கம்போல, கொக்கிக் கம்பை எடுத்துக்கொண்டு ஆற்றுப் பக்கத்துச் சன்னல்களை ஒவ்வொன்றாக இழுத்து மூடினான். பிறகு முற்றத்துப் பக்கத்துச் சன்னல்கள். பிறகு பெரிய கதவு. கவ்ராவும் கூட ஒரு கை கொடுத்தான். அங்கே இருந்த எல்லோருக்கும் அது சுவாசிப்பது போல இயல்பான காரியம், யாருமே அதை ஒரு செயலாகப் பார்க்கவில்லை. ஒரு மணி நேரம் அசையாமல் உட்காரப்போகிறவர்கள், கழுத்தில் குறுக்குக் காற்று படலாமா?

அவள் முதுகில் வியர்வை வழிந்தது. கொப்பரையைத் தொட்டாள். வெதுவெதுப்பாக இருந்தது. கால் மணி கழித்துத் தொட்டாள். சூடு.

எழுந்து ஆக்னெஷின் அறைக்கு ஓடாத குறையாகப் போனாள்.

"மேடம், கொப்பரையில இன்னும் தண்ணி இருக்கு. அடி வால்வுக்கு உள்ள ஒரு பள்ளம் இருக்கே, அது வடியாது, ஊதினாலும் காயாது."

"இருந்தா என்ன? ஆவி உச்சத்துக்கு வந்து நின்னுடும்னு நானே சொன்னேனே."

"நிக்கும். சூடு நின்னா நிக்கும்."

ஆக்னெஷ் கையில் இருந்த பேனாவைக் கீழே வைத்தாள். அவளுக்கு விளக்கிச் சொல்ல வேண்டியிருக்கவில்லை. மீதியை அவளே சொன்னாள். "கூடம் சூடாகிக்கிட்டே இருந்தா உச்சமும் ஏறிக்கிட்டே போகும். ஆவி அதைத் துரத்திக்கிட்டே ஏறும். நமக்கு நேர்க் கோடாத் தெரியும், அச்சு அசல் காத்து மாதிரி." கொஞ்சம் யோசித்துவிட்டுச் சிரித்தாள். "ஆனா தினமும் ஆத்துக் காத்து அடிக்குதே, கூடம் ஏன் இவ்வளவு சூடாகுது?"

"ஒப்ராத் சன்னலை மூடிடறான்."

அந்த வாக்கியத்தைச் சொன்னபோது மிலுங்காவுக்கே சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்தது. எத்தனை வருஷமாகச் சொல்லி வந்த வாக்கியம். இப்போதுதான் முதல் தடவையாக அது யாருக்கோ உபயோகமானது.

அடி வால்வைக் கழற்றித் துடைத்து மாட்ட நேரம் இல்லை, எல்லோர் முன்னிலும் காலையில் சோதிக்கப் பம்பும் கிடைக்காது. கிழங்கு லாரிகள் வரத் தொடங்கப் போகின்றன. அதைவிட நேர்த்தியான வழி இருந்தது. மத்தியானமே, நீராவி போகும்போதே, எல்லாச் சன்னலையும் திறந்து வைத்துச் சோதிப்பது. சூடு ஏறாமல் இருந்தால் ஆவி முன்பே நின்ற இடத்தில் நிற்கும். அதற்கு மேல் பாதரசம் ஏறுவது எதுவோ, அதுதான் அசல் காற்று.

சொன்னதும் கூடத்தில் கலகம் வந்துவிட்டது. கவ்ரா, வேலைக்கு வந்தேனே தவிர சாக வரவில்லை என்றான். இன்னொருவன் யூனியனைக் கூப்பிடுவேன் என்றான். இரண்டு பக்கச் சன்னலும் பெரிய கதவும் திறந்து ஆற்றுக் காற்று குறுக்கே புகுந்ததும் ஆண்கள் எல்லோரும் முற்றத்துக்குப் போய் வெயிலில் நின்றுகொண்டார்கள். உள்ளே ஆக்னெஷ், மிலுங்கா. பெட்டி காலி.

மூடினவன் பக்கத்தில் உட்கார வேண்டும் என்பது வழக்கம். ஒப்ராத் கதவருகில் நின்று காற்றைப் பார்த்தான், பெட்டியைப் பார்த்தான். பிறகு லாக்கருக்குப் போனான். திரும்பி வரும்போது ஆட்டு ரோமத் தொப்பி, கழுத்தில் இரண்டு சுற்றுக் கம்பளி, காதில் பஞ்சு, சட்டைக்கு மேல் குளிர்காலத்துக் கம்பளிச் சட்டை. ஆகஸ்டு மாதம். முற்றத்திலிருந்து ஒரு சிரிப்பு வந்தது. அவன் பெட்டி மேல், இரண்டு சன்னலுக்கும் நட்ட நடுவில், நிமிர்ந்து உட்கார்ந்தான்.

"எவ்வளவு நேரம்?" என்றான்.

"எப்பவும் போல. ஒரு மணி."

"கழுத்து பிடிச்சிக்கிச்சுன்னா நீதான் பொறுப்பு."

"பிடிச்சிக்கிச்சுன்னா நானே நீவி விடறேன், உக்காரு."

குழாயைத்தான் அவள் பார்க்க வேண்டும். ஆனால் கண் அடிக்கடி பெட்டிப் பக்கம் போயிற்று. பன்னிரண்டு வருஷத்தில் ஒரு நாள், ஒரே ஒரு நாள், அவளுக்காகச் சன்னலைத் திறந்து வைத்துக்கொண்டு இந்த மனுஷன் உட்கார்ந்ததில்லை. இப்போது வேலைக்காகத்தான் உட்கார்ந்திருக்கிறான், தெரியும். இருந்தாலும் பார்க்க ஒரு மாதிரி இருந்தது. பாவம் என்றும் இருந்தது, பிடித்தும் இருந்தது.

ஒரு மணி நேரம் முடிந்தது. பாதரசம் இரண்டு மில்லிமீட்டர் ஏறியிருந்தது.

ஆக்னெஷ் கணக்குப் போட்டாள். "அறுபது கன மீட்டர், இரண்டு மில்லிமீட்டர். மணிக்கு இருநூறு கிராமுக்கும் குறைவு. எல்லைல அஞ்சுல ஒரு பங்கு. தேறிடுச்சு." கையை நீட்டி ஒப்ராத்தின் கையைக் குலுக்கினாள். அவன் பஞ்சை எடுக்காமலேயே குலுக்கினான், பாதிதான் கேட்டிருக்கும்.

வெளியே கவ்ரா, நான் அப்போதே சொன்னேன் என்று யாரிடமோ சொல்லிக்கொண்டிருந்தான்.

அதோடு நின்றிருந்தால் நன்றாக இருந்திருக்கும். ஆக்னெஷ் போகும்போது, "அந்த ரெண்டு மில்லிமீட்டரும் ஆவிதானோ?" என்று கேட்டாள். மிலுங்கா பொய் சொல்லத் தெரியாதவள்.

"இல்ல மேடம். சூடு ஏறல, தொட்டுப் பாத்தேன். காலையில சூடில்லாதப்பவும் அதே ரெண்டுதான், நேரா. அது காத்துதான். எங்கயோ சின்னதா ஒரு இடத்துல இழுக்குது."

ஒப்ராத் பஞ்சை எடுத்துவிட்டிருந்தான். "என்ன சொன்ன?"

"ரெண்டு மில்லிமீட்டர். ஒண்ணும் தப்பில்ல, எல்லாக் கொப்பரையும் கொஞ்சம் இழுக்கத்தான் செய்யும். எவ்வளவுங்கிறதுதான் கேள்வி."

"நான் போட்டது இழுக்காது."

"இழுக்குது ஒப்ராத். கொஞ்சம்."

"தேறிடுச்சுல்ல? அப்புறம் எதுக்கு அந்தக் கொஞ்சம்? வாய மூடிட்டுச் சும்மா இருந்திருக்கலாம்ல? ஆவின்னு சொல்லியிருக்கலாம்ல?"

"ஆவி இல்லையே."

அவன் தொப்பியைக் கழற்றிக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு நொண்டிக்கொண்டே வெளியே போனான். ஒரு வாரமாக யாருடைய வேலைக்காக மிலுங்கா இந்தப் பாடு பட்டாள்? கை வைத்தாள் என்ற பழியை யாருக்காகப் பொறுத்தாள்? இந்த மனுஷன் காதில் விழுந்தது அந்த இரண்டு மில்லிமீட்டர் மட்டும்தான். சாயந்தரம் பஸ்ஸில் அவள் முன்னால் உட்கார்ந்தாள். அவன் பின்னால் போய் உட்கார்ந்தான். எல்லாச் சன்னலும் மூடியிருந்தன. அவள் திறக்கவில்லை, அதற்கும் தெம்பில்லை.

மறுநாள் அவளுக்கு அடுத்த கூடத்து நாலாம் கொப்பரையில் வேலை. மத்தியானம் சாப்பிட்டுத் திரும்பும்போது மூன்றாம் கொப்பரைக் கூடம் எல்லாப் பக்கமும் மூடிக் கிடந்தது. உள்ளே பம்பு ஓடும் சத்தம். எட்டிப் பார்த்தாள். ஒப்ராத் ஏணி மேல் நின்று, கையில் ஒரு மெழுகுவத்தியைப் பிடித்துக்கொண்டு, ஒவ்வொரு மூட்டாகச் சுடரை மெல்ல நகர்த்திக்கொண்டிருந்தான். சன்னல் திறந்திருந்தால் சுடர் நிற்காது. மூடிய கூடத்தில் அது ஊசி போல நேராக நின்றது. முழங்கால் வலியில் உடம்பின் பாரத்தை ஒரு காலிலிருந்து மறுகாலுக்கு மாற்றி மாற்றிக் கொடுத்துக்கொண்டிருந்தான். அவள் சத்தம் போடாமல் போய்விட்டாள்.

வேலை முடியும் நேரம் அவன் நாலாம் கொப்பரைக்கு வந்தான். விரல் நுனியில் மெழுகு காய்ந்திருந்தது. கையில் கறுத்துத் தட்டையாகிப் போன ஒரு ரப்பர் வளையம்.

"மேல் பார்வைக் கண்ணாடி," என்றான். "நுரைக்குத் தெரியாத அளவு சின்னது, சுடர் அதுகிட்டப் போனதும் உள்ள சாய்ஞ்சுது. புது வளையம் வர லேட்டாச்சு, பழசையே திருப்பிப் போட்டேன். பரவால்லன்னு நினைச்சேன். நான்தான்."

அவன் வாயிலிருந்து அவள் இந்த வார்த்தையைக் கேட்டதே இல்லை. வீட்டில் பால் பொங்கினால் அடுப்பு சரியில்லை, சாவி தொலைந்தால் பூட்டு சரியில்லை. மகளின் பள்ளி விழாவுக்கு அவன் வராமல் போன அன்று பஸ் சரியில்லை. மிலுங்காவுக்குக் கேட்க எத்தனையோ இருந்தது. சுடர் எவ்வளவு சாய்ந்தது, வளையத்தில் எந்த இடம் தேய்ந்திருந்தது, போன வருஷமும் இதேதானா. வளையத்தை வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தாள்.

"புதுசு போட்டுட்டேன்," என்றான் ஒப்ராத். "மறுபடி அளந்து பாரு."

"தேறிடுச்சே, இப்ப எதுக்கு?"

"நீ அளந்து பாரு."

நீராவி எல்லாம் நிறுத்தியிருந்த நேரம், கூடம் ஆறியிருந்தது. அவள் மூன்றாம் கொப்பரையின் குழாய் முன்னால் போய் உட்கார்ந்தாள். அவன் பெட்டி மேல் உட்கார்ந்தான். கடைசி பஸ்ஸுக்கு முந்தின பஸ் போய்விட்டது. இரண்டு பேரும் எழுந்திருக்கவில்லை. நேரம் முடிந்ததும் அவள் குனிந்து, கண்ணாடியை மூக்கில் ஏற்றி, பாதரசத்தின் விளிம்பைப் பார்த்தாள். ஒரு தரம் பார்த்தது போதாமல் மறுபடி பார்த்தாள்.

"அரை மில்லிமீட்டர்," என்றாள். சொல்லிவிட்டு அவன் எழுந்து கத்துவதற்காகக் காத்திருந்தாள். "இன்னும் துளி இழுக்குது."

ஒப்ராத் முழங்காலைத் தேய்த்துக்கொண்டான்.

"இருந்துட்டுப் போகட்டும்," என்றான்.